ஒப்பிட்டுப் படிப்பவர்கள் கடைசிப் பக்கத்தில் செய்யும் தவறு

சுதந்திரம், அடையாளம், தனித்தன்மை ஆகியவற்றை வைத்து இரு படைப்புகளை ஒப்பிடும்போது நேரும் எழுத்துப் பிழையையும் விடுபட்ட பக்க எண்ணையும் யாராவது திருத்திவிடுவார்கள். வாதத்தையே சாய்த்துவிடும் தவறுகள் வேறு.

முடிவை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

"நோரா வீட்டை விட்டு வெளியேறினாள், விடுதலை பெற்றாள்; அகலிகை கல்லானாள், தோற்றாள்." நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' (1879) நாடகத்தையும் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' சிறுகதையையும் பக்கத்தில் வைப்பவர்கள் கை தானாக இப்படி எழுதிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராத வரி இது. நடுவில் உள்ள அத்தனையையும் அது வீணாக்குகிறது.

கணவன் உயிரைக் காக்க 'பொம்மை வீடு' நாயகி நோராவுக்குக் கடன் வேண்டும். கணவன் சம்மதமின்றி மனைவி கடன் வாங்க முடியாது. அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுகிறாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் உள்ள தேதி அக்டோபர் 2. கடன் கொடுத்தவன் பிடித்துக்கொள்வது இந்த மூன்று நாளைத்தான். சட்டத்துக்கு அது மோசடி. அவளுக்கு அது அன்பு, பெருமையும்கூட. யாரையும் கேட்காமல் அவள் செய்த பெரிய காரியம் அது. சுதந்திரத்தைப் பற்றிய பேச்சு அங்கே தொடங்க வேண்டும்.

1880இல் ஜெர்மன் மேடைக்காக முடிவை மாற்றும் நெருக்கடி வந்தது. வேறு யாரும் கைவைத்துவிடக் கூடாதென்று இப்சனே மாற்றி எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றும் அவரே சொன்னார். அதில் நோரா தூங்கும் குழந்தைகளைப் பார்க்கிறாள், போகவில்லை. ஆனால் பொய்க் கையெழுத்தும், கணவனை உட்காரவைத்துப் பேசும் பேச்சும் அதிலும் உண்டு. முடிவை மட்டும் பார்ப்பவருக்கு இவை கண்ணில் படாது.

'சாபவிமோசன'த்தில் அகலிகைக்குச் சாபம் நீங்கிவிட்டது. தன்னை மீட்ட ராமனே சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்பதைச் சீதை வாயாலேயே கேட்கிறாள். அதன் பிறகே மீண்டும் கல்லாகிறாள். நோரா மோதுவது சட்டத்தோடு. அகலிகைக்கு உடைவது, தனக்கு விடுதலை தந்தவர் மீதிருந்த நம்பிக்கை. ஒப்பிட வேண்டியது இந்த இரண்டு தடைகளை.

எழுதுமுன் ஒவ்வொரு படைப்புக்கும் மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில் குறியுங்கள். தடுப்பது யார்? சட்டமா, உறவா, சொந்த மனமா? தடைக்குள் இருந்தபடியே பாத்திரம் எடுக்கும் முதல் முடிவு எது? அதற்கு விலை கொடுப்பவர் யார்? பிறகு ஒவ்வொன்றிலும் பத்து வரிக்கு மிகாத ஒரு பகுதியை எடுத்துச் சொல் சொல்லாகப் படியுங்கள். கடைசிப் பக்கத்தைக் கடைசியில் தொட்டால் போதும்.

கதைச் சுருக்கத்தை நீட்டுவது

ஐந்து வரி. அதற்கு மேல் வேண்டாம்.

அடையாளத்தையும் தனித்தன்மையையும் ஒன்றாக்குவது

ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாதினின் 'நாம்' நாவலில் கதைசொல்லிக்குப் பெயர் கிடையாது, டி-503 என்ற எண்தான். அது அரசு தந்த அடையாளம். அவனுக்குள் ஆன்மா முளைத்திருக்கிறது என்று மருத்துவர் நோயைப் போலச் சொல்கிறார். தனித்தன்மை அங்கே தலைகாட்டுகிறது. ஒன்று வெளியிலிருந்து ஒட்டப்படுவது, மற்றது அதை மீறுவது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நாவலின் மோதலே காணாமல் போகும்.

சொல்பவரை மறப்பது

'நாம்' ஒரு நாட்குறிப்பு. கற்பனையை அகற்றும் அறுவைக்குப் பின் டி-503 தன் பழைய பக்கங்களைப் பார்த்து, இதையெல்லாம் நானா எழுதினேன் என்று திகைக்கிறான். கையெழுத்து மட்டும் அவனுடையது. தன் குரலில் எழுதும் வடிவம் என்பதால்தான் இது சாத்தியமாகிறது. நாடகத்தில் இப்படி ஓர் இடம் எளிதில் அமையாது. நோரா போட்ட அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இந்தப் பக்கத்தை வைத்துப் படித்துப் பாருங்கள்.