வினைக் கட்டுப்பாட்டுக் காரணியும் வெப்பக் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதிவினைக் கணக்குகளில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் பெருக்கல் வகுத்தல் தெரியாததால் அன்று; சமன்பாட்டிலுள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்று பாராமல் கணக்கைத் தொடங்கிவிடுவதால்தான். அந்த எண்கள் மோல்களின் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) விகிதத்தைச் சொல்கின்றன, கிராம்களின் விகிதத்தை அல்ல.

44 கிராம் புரொப்பேன், 128 கிராம் ஆக்சிஜனுடன் வினைபுரிவதாகக் கொள்வோம். சமன்செய்த சமன்பாட்டின்படி 1 மோல் புரொப்பேனுக்கு 5 மோல் ஆக்சிஜன் தேவை. 3 மோல் கார்பன் டைஆக்சைடும் 4 மோல் நீரும் உண்டாகும். கிராமில் குறைவாக இருப்பதே வினைக் கட்டுப்பாட்டுக் காரணி (முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள்) என்று எண்ணுவோர் புரொப்பேனைத் தேர்ந்தெடுப்பார்கள். மோலுக்கு மாற்றிப் பார்த்தவர்களும், 1 மோல் புரொப்பேன், 4 மோல் ஆக்சிஜன் என்று கண்டு, எண்ணிக்கையில் குறைந்த புரொப்பேனையே சொல்வார்கள். இரண்டும் தவறு. இரண்டாவது தவறு பாதி வழி சரியாக வந்தபின் நேர்வதால் கண்டுபிடிக்கக் கடினமானது. ஒவ்வொரு பொருளின் மோலையும் சமன்பாட்டில் அதற்குரிய குணகத்தால் (வாய்பாட்டின் முன்னுள்ள எண்) வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்: புரொப்பேனுக்கு 1, ஆக்சிஜனுக்கு 4/5, அதாவது 0.8. ஆகவே முதலில் தீர்வது ஆக்சிஜன்.

இந்த 0.8 என்ற எண்ணைக் கைவிடாமல் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கு எளிது. கார்பன் டைஆக்சைடு 2.4 மோல், 105.6 கிராம்; நீர் 3.2 மோல், 57.6 கிராம், எரியாமல் எஞ்சும் புரொப்பேன் 8.8 கிராம். மூன்றையும் கூட்டினால் 172 கிராம். தொடக்கத்தில் எடுத்ததும் அதுவே. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது என்பதால் எந்தத் தேர்விலும் இதைத் தவிர்க்க வேண்டாம். (ஆக்சிஜன் போதாத உண்மையான அடுப்பில் கார்பன் மோனாக்சைடும் கரியும் உண்டாகும், எரிந்த பகுதி முழுமையாக எரிந்தது என்பது கணக்கின் அனுமானம்.) ஆக்சிஜன் ஈரணு மூலக்கூறு என்பதை மறந்து 32க்குப் பதில் 16ஆல் வகுப்பதும், சமன்செய்யும்போது வாய்பாட்டின் கீழ்க்குறி எண்ணையே மாற்றிவிடுவதும் அடிக்கடி காணும் பிழைகள்.

வெப்பத்தையும் அதே 0.8 தான் தீர்மானிக்கிறது. இவ்வினையின் என்தால்பி மாற்றம் (மாறா அழுத்தத்தில் வினை ஏற்கும் அல்லது வெளிவிடும் வெப்பம்; எதிர்க்குறி வெளிவிடுவதைக் காட்டும்) −2220 கிலோஜூல் என்றால், அது 1 மோல் புரொப்பேன் எரிவதற்கானது. 4 மோல் ஆக்சிஜன் இருக்கிறதே என்று 4ஆல் பெருக்கினால் 8880 வரும். சரியான விடை 1776 கிலோஜூல் வெளிப்படும் என்பது. அந்த −2220 என்ற மதிப்பும் நீர் திரவமாக உண்டாகும்போது மட்டுமே பொருந்தும். நீராவியாக வெளியேறினால் அது ஏறத்தாழ −2044 ஆகும். பொருளின் நிலைமையை எழுதாமல் விடுவது அலங்காரக் குறைவு அன்று, விடையையே மாற்றும் பிழை.

கலோரிமீட்டர் (வினையின் வெப்பத்தை அளக்கும் கருவி) கணக்குகளில் இரு தலைப்புகளும் ஒன்றாக வந்து சேர்கின்றன. 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலிட்டரை, அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லிலிட்டருடன் கலந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.9 டிகிரி செல்சியஸ் உயரும். கரைசல் பெறும் வெப்பம் அதன் நிறை, தன்வெப்பம், வெப்பநிலை உயர்வு ஆகியவற்றின் பெருக்கல்; இங்கே சூடாவது 100 கிராம் கரைசல். 50 என்று போடுவோர் வெப்பத்தைப் பாதியாகக் கணக்கிடுகிறார்கள். உயர்வு கெல்வினிலும் அதே 6.9 தான், அதனுடன் 273ஐக் கூட்டக் கூடாது. காரத்தை மட்டும் 100 மில்லிலிட்டராக்கினால் வெப்பம் கூடாது, ஏனெனில் அமிலம் 0.05 மோலிலேயே தீர்ந்துவிடுகிறது. மிகுதியான காரக் கரைசல் வெப்பத்தை வாங்கிக்கொள்ள, வெப்பநிலை 4.6 டிகிரி மட்டுமே உயரும். கரைசல் பெற்ற 2.865 கிலோஜூலை, வினையின் பக்கமிருந்து பார்த்து எதிர்க்குறியிட்டு, வினைபுரிந்த 0.05 மோலால் வகுத்தால் மோலுக்கு −57.3 கிலோஜூல் கிடைக்கும். ஊற்றிய காரம் 0.10 மோல் என்பதற்காக அதனால் வகுத்தால் இதில் பாதிதான் வரும்.