பதிவேட்டில் இல்லாத குழந்தையைக் கண்டுபிடிக்க

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். புதிதாகப் பணியில் சேரும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தடுப்பூசி நூறு சதவீதம் என்று உங்கள் பதிவேடு காட்டினால் முதலில் சந்தேகப்படுங்கள். அது நாம் பெயர் எழுதிய குழந்தைகளின் கணக்கு. பெயரே ஏறாத குழந்தை அதில் குறையாகக்கூடத் தெரியாது. அதனால் இடங்களிலிருந்து தொடங்குங்கள்: சூளை, அரிசி ஆலை, கட்டடம் எழும் மனை, ஏரிக்கரை இருளர் குடிசைகள். போலியோ முகாமுக்காக இப்படிப்பட்ட இடங்களைக் குறித்த பழைய பட்டியல் கிடைத்தால் விடாதீர்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கை வகைப் போலியோ யாரையும் தாக்காததில் அந்தத் தேடலுக்கும் பங்கு உண்டு.

ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்துக் குடும்பங்கள் பொங்கலை ஒட்டிச் சூளைக்கு வந்து, மழைக்கு முன் ஊர் திரும்பிவிடும். அறுக்கும் கல்லுக்குத்தான் கூலி. தடுப்பூசி நாளான புதன்கிழமை வேலையை விட்டுவிட்டுத் துணை சுகாதார நிலையத்துக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? நாம்தான் போக வேண்டும், அதுவும் அடுப்பு மூட்டும் மாலை வேளையில். "கைக்குழந்தை யாரும் இல்லை" என்பார் மேஸ்திரி. தலையாட்டிவிட்டு, குடிசை வரிசையில் நடந்து கொடிகளைப் பாருங்கள். உள்ளங்கை அகலச் சட்டை காய்கிறதா, உள்ளே தூளி தொங்குகிறதா? அங்கே நில்லுங்கள்.

"ஊசி போட்டாயா?" என்று கேட்டால் பயத்தில் எல்லோரும் ஆமாம் என்பார்கள். தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். இல்லையென்றால் குழந்தையின் இடது மேற்கையைப் பாருங்கள். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் தழும்பு இருந்தால் ஊசி தொடங்கியிருக்கிறது. இல்லாததை வைத்து முடிவுகட்ட வேண்டாம், சிலருக்குத் தழும்பு விழாது.

விட்ட தவணையிலிருந்து தொடருங்கள்; முதலிலிருந்து போட வேண்டியதில்லை. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசியின் மூன்று தவணைகளுக்கு இடையே நான்கு வாரம் போதும். பிப்ரவரியில் பார்த்த குழந்தைக்கு, அவர்கள் கிளம்புவதற்குள் மூன்றையும் முடித்துவிடலாம். தேதிகளை அட்டையில் பெரிய எண்களில் எழுதித் தாயின் கையிலேயே கொடுங்கள்; அடுத்த ஊர்ச் செவிலியருக்கு அதுதான் ஆதாரம்.

இந்தப் பெயர்களைச் சேர்த்ததும் உங்கள் சதவீதம் இறங்கும். மாதக் கூட்டத்தில் கேள்வி வரும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள், சூளைக்குத் தனி முகாம் நாளும் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.