எஸ்.ஓ.ஏ.வில் போலரைசேஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைக்கடத்தி ஒளிப் பெருக்கி, அதாவது எஸ்.ஓ.ஏ., கையில் கிடைத்ததும் போலரைசேஷனைப் பொறுத்து, அதாவது ஒளியின் மின்புலம் அதிரும் திசையைப் பொறுத்து, அதன் பெருக்கம் எவ்வளவு மாறுகிறது என்று அளப்பதில் புதிதாக லேபுக்கு வருகிறவர்கள் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கனெக்டரைத் துடைக்காமல் மாட்டுவது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன்.

சிப்பில் ஒளியைப் பெருக்கும் அடுக்கு அகலமாகவும் மெல்லிசாகவும் இருக்கும். ஒளியின் மின்புலம் அந்த அடுக்குக்கு இணையாக இருந்தால் டி.இ.; செங்குத்தாக இருந்தால் டி.எம். டி.இ. ஒளி அடுக்குக்குள் நன்றாக அடங்குவதால் அதற்குப் பெருக்கமும் அதிகம். குவாண்டம் கிணறு (சில நானோமீட்டர் தடிமனே உள்ள அடுக்கு) சிப்புகளில் அந்த அடுக்கில் அழுத்தத் திரிபு இருந்தால் டி.இ.க்குச் சாதகம், இழுவைத் திரிபு டி.எம்.முக்கு. இரண்டு வகைக் கிணறுகளையும் கலந்து அடுக்கி வித்தியாசத்தைக் குறைப்பதுண்டு.

வெறும் பவர் மீட்டரை நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். ஒரு மாணவர் போலரைசேஷன் கன்ட்ரோலரின் மூன்று துடுப்புகளையும் பொறுமையாகத் திருப்பி, அதிகபட்சம் -2.2 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்), குறைந்தபட்சம் -2.9 என்று நோட்டில் எழுதியிருந்தார். “0.7 டெசிபல்தான் சார், இந்தச் சிப் போலரைசேஷனைக் கண்டுக்கவே இல்ல.” உள்ளீடு எவ்வளவு என்றேன். -30 டிபிஎம். லேசரை அணைக்கச் சொன்னேன். மீட்டர் -3க்கு இறங்கி அங்கேயே நின்றது.

சிக்னலே இல்லாமல் அரை மில்லிவாட்! அவ்வளவும் சிப் தானாக உமிழ்ந்து தானே பெருக்கிக்கொண்ட ஒளி, ஏ.எஸ்.இ. கணக்குப் போட்டுப் பாருங்கள். டி.இ.க்கு 20 டெசிபல் பெருக்கம் என்றால் வெளியே வரும் சிக்னல் 0.1 மில்லிவாட். டி.எம்.முக்கு 12 என்றால் 0.016. இரண்டோடும் 0.5ஐக் கூட்டினால் 0.6, 0.516. மீட்டருக்கு இது 0.7 டெசிபல். உண்மையில் 8.

அதற்குள் அந்த எண்ணை நம்பி, சாதாரண ஃபைபர் வைத்து சிப்பை பேக்கேஜ் செய்யக் கொடுத்தாயிற்று. போலரைசேஷனைக் காக்கும் ஃபைபர் வைக்க வேண்டிய சிப் அது. பிரித்து மாற்றுகிற வேலையா அது?

ஸ்பெக்ட்ரம் அனலைசரில் சிக்னல் முகட்டைப் பார்த்து, அதன் அடியில் கிடக்கும் ஏ.எஸ்.இ.யைக் கழியுங்கள். கழிப்பது மில்லிவாட்டில், டிபிஎம்மில் அல்ல. அனலைசர் இல்லையென்றால் மீட்டருக்கு முன்னால் குறுகிய பட்டை ஃபில்டராவது போடுங்கள்.

வலுவான உள்ளீட்டில் மட்டும் அளப்பது

பெருக்கி நிறைவுநிலைக்கு, அதாவது உள்ளீட்டைக் கூட்டினாலும் வெளியீடு அவ்வளவாக ஏறாத நிலைக்கு, போய்விட்டால் டி.இ., டி.எம். வெளியீடுகள் நெருங்கி வந்துவிடும். சின்ன சிக்னலில் அளந்த பிறகு பேசலாம்.

ஒரே அலைநீளத்தோடு நிறுத்துவது

சிப் முனைகளில் மிச்சமிருக்கும் எதிரொளிப்பால் பெருக்கத்தில் சிற்றலை வரும்; அலைநீளத்தோடு அது ஏறி இறங்கும். டி.இ.யின் முகடு டி.எம்.மின் பள்ளத்தில் விழலாம். அலைநீளத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால் வித்தியாசம் தலைகீழாகக்கூட மாறலாம்.

நடுவில் ஃபைபரைத் தொடுவது

ஃபைபர் அசைந்தால் போலரைசேஷன் மாறிவிடும். டேப் போட்டு ஒட்டுங்கள்.

மின்னோட்டத்தை ஏற்றிச் சரிக்கட்டுவது

டி.இ., டி.எம். வித்தியாசம் அதனால் சரியாகாது.

வெளியீட்டில் போலரைசரை விட்டுவைப்பது

உள்ளீட்டுத் திறன் மாறினால் சிப்புக்குள் எலக்ட்ரான்-துளை அடர்த்தி மாறும். டி.இ., டி.எம். ஒளிவிலகல் எண்கள் வெவ்வேறு அளவில் நகரும். வெளிவரும் போலரைசேஷன் சுழலும். ஒரு திசைப் போலரைசேஷனை மட்டும் விடும் போலரைசர் அதை அப்படியே திறன் மாற்றமாகக் காட்டும். ஒளி சுவிட்சு செய்பவர்கள் இதையே வேண்டுமென்று பயன்படுத்துகிறார்கள். பெருக்கம் அளக்கிறவர் சந்தேகம் வந்தால் போலரைசரைக் கழற்றிவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள்.