முதல் முறை நமீபியா: சொந்தமாக வண்டி ஓட்டிச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

நமீபியாவின் பரப்பளவு சுமார் 8.25 லட்சம் சதுர கி.மீ. மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம்தான். ஓர் ஊரைத் தாண்டினால் அடுத்த ஊர் வர மணிக்கணக்காகும். முதல் முறை போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு எல்லா இடத்தையும் ஒரே பயணத்தில் திணிக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டு வாரம் கையில் இருந்தால் நான்கு இடங்கள் போதும்: எட்டோஷா வனவிலங்குக் காப்பகம், ஸ்வாகோப்மண்ட் கடலோர ஊர், சோசுஸ்வ்லே மணல்மேடுகள், லூடெரிட்ஸ் துறைமுக ஊர்.

படி 1: மாதம்

ஜூன் முதல் அக்டோபர் வரை போங்கள். மழை இருக்காது, குட்டைகள் வற்றிவிடும். மிச்சமிருக்கும் நீர்நிலைகளுக்கு விலங்குகள் வந்தே ஆக வேண்டும். இந்த மாதங்களில் எட்டோஷாவின் உள்முகாம்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். அதனால் முதலில் அறை, அப்புறம் விமான டிக்கெட். ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் நல்ல குளிர் அடிக்கும், கம்பளி உடை அவசியம்.

படி 2: வண்டி

நம்மைப் போலவே அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி, இரண்டு ஸ்டெப்னி, டயருக்கும் கண்ணாடிக்கும் சேர்த்துக் காப்பீடு: இந்த மூன்றிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முக்கிய நெடுஞ்சாலைகளை விட்டு இறங்கினால் பெரும்பாலும் சரளைச் சாலைதான். அதில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம். திடீர் பிரேக்கும் திடீர் திருப்பமும்தான் வண்டியைக் கவிழ்க்கும். இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது, குடு என்ற பெரிய மான்கள் குறுக்கே பாயும். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் டேங்கை நிரப்பிவிடுங்கள். தென்னாப்பிரிக்க ராண்டும் நமீபிய டாலரும் சம மதிப்பு, ராண்டையே அங்கே செலவழிக்கலாம்.

படி 3: எட்டோஷா

தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து ஒகாகுயேயோ முகாமுக்குச் சுமார் 430 கி.மீ. வழியில் ஒட்ஜிவாரோங்கோ அருகே சீட்டா கன்சர்வேஷன் ஃபண்ட் மையம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் நம் குனோ காட்டுக்கு எட்டு சிவிங்கிப்புலிகள் வந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அரை நாள் ஒதுக்கலாம்.

எட்டோஷா 1907-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நடுவில் சுமார் 4,800 சதுர கி.மீ. உப்புப் படுகை வெள்ளையாகப் பரந்து கிடக்கிறது. அந்தச் சுண்ணாம்பு மண்ணைப் பூசிக்கொண்டு யானைகளும் வெளுத்துத் தெரியும். சூரிய உதயத்தில் கதவு திறக்கும், அஸ்தமனத்தில் மூடும். முகாம்களையும் வேலி போட்ட ஓய்விடங்களையும் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

புதிதாக வருகிறவர்கள் சிங்கத்தைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரே நீர்நிலையில் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். வரிக்குதிரைகள் குடிப்பதை நிறுத்தி, எல்லாம் ஒரே திசையில் தலை தூக்கி நின்றால், நீங்களும் அந்தத் திசையையே பாருங்கள். அங்கே புல்லுக்குள் ஏதோ இருக்கிறது.

இரவில் ஒகாகுயேயோ முகாமின் நீர்நிலைக்கு விளக்கு போட்டிருப்பார்கள். தாழ்ந்த கற்சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் காத்திருங்கள். கருப்புக் காண்டாமிருகம் வரும்போது காலடிச் சத்தமே கேட்காது. முதலில் தண்ணீரில் அதன் நிழல் விழும், அப்புறம்தான் உருவம் தெரியும். இந்த ஓர் இரவுக்காகவே நமீபியாவுக்குப் போகலாம் என்பேன்.

படி 4: ஸ்வாகோப்மண்ட்

ஜெர்மானியர்கள் 1892-இல் உருவாக்கிய கடலோர ஊர். குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் காலையில் பனிமூட்டம் சூழும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே நடக்கலாம். பழைய ரயில் நிலையமும் வோர்மன் மாளிகையும் அழகுதான். ஆனால் அவற்றோடு நிறுத்தாதீர்கள். 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா என்ற உள்ளூர் மக்களை ஜெர்மன் படை கொன்று குவித்தது. இந்த ஊரிலும் அடைப்பு முகாம் இருந்தது. கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, பெயர் எழுதாத சிறு மண்மேடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அங்கே போய்ச் சற்று நேரம் நில்லுங்கள். பக்கத்து வால்விஸ் பே காயலில் பூநாரைகளைப் பார்க்கலாம்.

படி 5: சோசுஸ்வ்லே

செஸ்ரீம் என்ற பூங்கா வாசலுக்கு உள்ளேயே தங்கினால் விடியும் முன்பே கிளம்பலாம். 60 கி.மீ. தார்ச்சாலை, கடைசி 5 கி.மீ. மணல். மணலில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் அங்கிருக்கும் ஷட்டில் வண்டியில் ஏறிவிடுங்கள்.

படி 6: லூடெரிட்ஸ், கோல்மன்ஸ்கோப்

1908-இல் சகாரியாஸ் லெவாலா என்ற ரயில்வே தொழிலாளி மணலில் ஒரு வைரத்தைக் கண்டெடுத்தார். அதைத் தொடர்ந்து பாலைவனத்தில் மருத்துவமனை, ஐஸ் தொழிற்சாலை, பந்துருட்டும் கூடம் எல்லாம் வைத்து கோல்மன்ஸ்கோப் என்ற ஒரு ஊரே எழுந்தது. 1956-இல் அது முழுக்கக் காலியாயிற்று. இன்று அறைக்குள் முழங்கால் அளவு மணல், கதவுகள் பாதி புதைந்து திறந்தபடியே நிற்கின்றன. காலையிலேயே போய்விடுங்கள், அனுமதிச் சீட்டு வேண்டும். மதியத்துக்கு மேல் காற்று மணலை வாரி இறைக்கும், கேமராவை மூடி வையுங்கள்.

லூடெரிட்ஸ் துறைமுகத்தை ஒட்டிய ஷார்க் தீவிலும் ஜெர்மானியர்களின் அந்த அடைப்பு முகாம்களில் ஒன்று இருந்தது. பட்டினியிலும் குளிரிலும் ஏராளமானோர் இறந்தார்கள். 1904-1908 கொலைகள் இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021-இல்.

திரும்ப விண்ட்ஹூக் போக, கீட்மன்ஸ்ஹூப் வழியாக 800 கி.மீ.க்கு மேல். ஒரே மூச்சில் ஓட்டாமல் அந்த ஊரில் ஓர் இரவு தங்கி, விமானத்துக்கு முந்தைய நாளே தலைநகர் போய்ச் சேருங்கள்.