85 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடுவது எப்படி?

இந்த வசதி இரண்டு தரப்பினருக்குத்தான்: 85 வயதைக் கடந்தவர்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளதாகச் சான்றிதழ் வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகள். 2024 மார்ச்சுக்கு முன்பு வயது வரம்பு 80 ஆக இருந்தது. அதை நம்பி 82 வயதுக்காரருக்காக அலைய வேண்டாம். 70 வயதில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் கிடைக்காது. வாக்காளர் பட்டியலில் வயது தப்பாக இருந்தால், தேர்தல் நெருங்கும் முன்பே படிவம் 8 கொடுத்துத் திருத்திவிடுங்கள்.

வீட்டிலிருந்து ஓட்டுப் போடக் கேட்டு வாங்க வேண்டிய விண்ணப்பம் படிவம் 12டி. உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பிஎல்ஓ) வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். வரவில்லையென்றால் காத்திருக்காமல் தேர்தல் உதவி எண் 1950-க்கு போன் செய்யுங்கள். வாக்காளர் அட்டை எண், பாகம் எண், வரிசை எண், முகவரி, செல்போன் எண் எல்லாவற்றையும் நிரப்பி, வாக்காளரே கையெழுத்திட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சான்றிதழ் நகலையும் இணைக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது கெடுவில்தான். தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் படிவம் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். டிவியில் தேர்தல் தேதி சொல்லும் நாள் வேறு, அறிவிக்கை நாள் வேறு. வேட்புமனு தாக்கல் தொடங்கும் நாள்தான் அறிவிக்கை நாள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தேதி சொன்னது மார்ச் 16, அறிவிக்கை மார்ச் 20, 12டி கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 25, வாக்குப்பதிவோ ஏப்ரல் 19. பிஎல்ஓவிடம் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள்.

கொடுக்கும் முன் ஒன்றை வீட்டுப் பெரியவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'பிபி' (தபால் வாக்கு) என்று குறித்துவிடுவார்கள். அதன்பிறகு பூத்துக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. பூத் வரை நடந்துபோய்ப் போடுவதுதான் திருப்தி என்பவரை வற்புறுத்த வேண்டாம்.

ஓட்டு வாங்க வீட்டுக்குக் குழு வரும் நாளையும் நேரத்தையும் எஸ்எம்எஸ்ஸிலோ பிஎல்ஓ மூலமாகவோ தெரிவிப்பார்கள். தேர்தல் அலுவலர்களோடு வீடியோ எடுப்பவரும் போலீஸும் வருவார்கள். முன்பே சொல்லிவைத்தால் பெரியவர் பதற மாட்டார். அன்று ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அத்தோடு சரி. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்கு எதிரே பேனாவால் ஒரே ஒரு டிக். பழக்கதோஷத்தில் சீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த ஓட்டு செல்லாது. கையெழுத்துக்கு இடம் 13ஏ உறுதிமொழிப் படிவம் மட்டுமே. சீட்டைச் சிறிய உறையில் ('ஏ') போட்டு ஒட்டுங்கள். அந்த உறையையும் 13ஏ படிவத்தையும் பெரிய உறையில் ('பி') வையுங்கள். 13ஏ படிவத்தைச் சிறிய உறைக்குள் திணித்துவிட்டாலோ, அதிலுள்ள வரிசை எண் வாக்குச்சீட்டு எண்ணோடு பொருந்தாவிட்டாலோ எண்ணிக்கையின்போது ஓட்டை நிராகரித்துவிடுவார்கள். குழு இருக்கும்போதே எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பார்வையில்லாதவர்களும் குறியிட முடியாத அளவுக்குத் தளர்ந்தவர்களும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற பிள்ளைகள், மருமகள், பேரன் யாராக இருந்தாலும் தள்ளி நிற்க வேண்டும். ஒட்டிய உறையைக் குழுவே எடுத்துப்போகும்; ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் போடும் வேலை கிடையாது.