அமெரிக்க அரசுப் பணியில் கல்விக் கடன் சலுகை: கையெழுத்துக்கு முன்பே நடக்கும் தவறுகள்

அமெரிக்க மத்திய அரசுத் துறைகளுக்குப் பொறியாளர்களையும் கணினி ஆட்களையும் பிடிப்பது எப்போதும் பெரும்பாடு. தனியார் நிறுவனங்கள் கொடுக்கும் சம்பளத்தை அரசின் ஜிஎஸ் சம்பளப் பட்டியல் எட்டுவதில்லை. அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது அடைக்க இருக்கும் வழிகளில் ஒன்று, வேலைக்கு வருபவரின் கல்விக் கடனைத் துறையே கட்டுவது. ஒருவருக்கு ஒரு காலண்டர் ஆண்டில் 10,000 டாலர், மொத்தத்தில் 60,000 டாலர் என்பது 2003-இல் சட்டம் வைத்த உச்சவரம்பு. அதற்கு முன் 6,000, 40,000 என்று இருந்தது. 2016 நிதியாண்டில் 34 அரசு அமைப்புகள் 9,868 ஊழியர்களுக்கு 7.16 கோடி டாலருக்கு மேல் இப்படிக் கட்டின. சராசரி போட்டால் தலைக்கு 7,250 டாலர் சுமார். ஆக, எல்லோருக்கும் முழுப் பத்தாயிரம் கிடைத்துவிடுவதில்லை.

இதில் கையைச் சுட்டுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகு தவறு செய்வதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே செய்துவிடுகிறார்கள்.

சேர்ந்த பிறகு கேட்பது

அரசு வேலை விளம்பரங்கள் வரும் யுஎஸ்ஏஜாப்ஸ் தளத்தில் 2210 வரிசைத் தகவல் தொழில்நுட்ப வேலைக்கோ 0800 தொகுதிப் பொறியாளர் வேலைக்கோ வரும் விளம்பரத்தின் அடியில், கல்விக் கடன் உதவி வழங்கப்படலாம் என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பிச் சும்மா இருந்தால் ஒன்றும் வராது. இந்தச் சலுகை இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு நல்ல தகுதியுள்ள ஆள் கிடைப்பது கடினம் என்று துறை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக எடுக்கப்படுபவர் விஷயத்தில் அந்த முடிவு, அவர் பணியில் சேரும் நாளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சேர்ந்துவிட்டால் அந்த வழி அடைபட்டது. மிஞ்சுவது ஏற்கெனவே இருப்பவரைத் தக்கவைக்கும் வழி. அதற்கு, இவர் போய்விடக்கூடும் என்று துறை காட்ட வேண்டும். முதல் மாதச் சம்பளம் வாங்கியவருக்கு அதை யார் எழுதித் தருவார்கள்?

கேட்க வேண்டிய நேரம், தற்காலிக ஆஃபர் வந்து இறுதி ஆஃபர் வருவதற்கு இடைப்பட்ட காலம். மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலிலேயே கேளுங்கள்: ஆண்டுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று தெளிவாக. கடன் நிலுவை அறிக்கையை இணையுங்கள். வேறு நிறுவனத்தின் ஆஃபர் கையில் இருந்தால் அதையும் சேருங்கள். துறையின் பதிவுக்கு அதைவிடப் பலமான ஆதாரம் இல்லை. நேர்காணல் செய்த மேலாளர் ‘பார்த்துக்கலாம்’ என்று போனில் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

எந்தக் கடன் என்று பார்க்காமல் இருப்பது

தகுதி பெறுபவை மத்திய அரசின் உயர்கல்விச் சட்டத்தின் கீழ் வரும் கடன்கள்: அரசே நேரடியாகத் தரும் டைரக்ட் கடன், அரசு உத்தரவாதத்தோடு வங்கிகள் தந்த பழைய எஃப்எஃப்இஎல், கல்லூரிகள் வழியாகத் தந்த பெர்கின்ஸ். மருத்துவம், செவிலியம் சார்ந்த சில பொதுச் சுகாதாரச் சட்டக் கடன்களும் உண்டு. தனியார் வங்கிக் கடன் கிடையாது. இந்தியாவில் வங்கிக் கடன் வாங்கி எம்எஸ் படிக்கப் போய், பின்னால் குடியுரிமை பெற்று அரசு வேலைக்கு வருபவருக்கு அந்தக் கடனுக்காக ஒரு டாலரும் வராது.

இதைவிட வருத்தமானது, தகுதியுள்ள கடனைக் கையாலேயே கெடுத்துக்கொள்வது. வட்டி குறைகிறதே என்று அரசுக் கடனைத் தனியார் நிறுவனத்திடம் மாற்றிக்கொண்டால், அது அன்றோடு தனியார் கடன். திரும்ப அரசுக் கடனாக்க வழியில்லை. அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கும்போது ரீஃபைனான்ஸ் விளம்பரங்களின் பக்கமே போகாதீர்கள். மறுபக்கம், பிள்ளையின் படிப்புக்காக நீங்கள் வாங்கிய பேரன்ட் பிளஸ் கடன் உங்கள் பெயரில் இருப்பதால் உங்களுக்குத் தகுதி உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.

ஒப்பந்தம் போடும்போது நிலுவையில் இருக்கும் தொகைக்கு மட்டுமே சலுகை. முன்பு நீங்கள் கட்டியதைத் திருப்பித் தரமாட்டார்கள். பணமும் உங்கள் கைக்கு வராது, கடன் நிறுவனத்துக்கே போகும். ஆனால் கடனாளி நீங்கள்தான். துறையின் பணம் தாமதமாகப் போனால் அபராதம் உங்கள் தலையில் விழும். ஆகவே அது கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்க்கும் வரை மாதத் தவணையை நிறுத்தாதீர்கள்.

10,000 என்பதை முழுசாக 10,000 என்று எண்ணுவது

இந்தத் தொகை வருமானமாகக் கணக்கிடப்படுகிறது. கூடுதல் ஊதியத்துக்கான 22 சதவீத மத்திய வரி 2,200 டாலர், சமூகப் பாதுகாப்பு 6.2 சதவீதம் 620, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம் 145. பிடித்தம் 2,965 போக மிச்சம் 7,035 டாலர். மாநில வரி தனி. சில துறைகள் இந்தப் பிடித்தத்தைச் சலுகைத் தொகையிலிருந்தே கழித்து மீதியை அனுப்பும். சில முழுத் தொகையையும் அனுப்பிவிட்டு வரியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கும். இரண்டாவது வகையில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சம்பளச் சீட்டு பாதியாகி வரும். எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் வீட்டு வாடகைக்குத் தடுமாற வேண்டியிருக்காது.

2020-இல் வந்த ஒரு சட்டத்திருத்தத்தின்படி, முதலாளி எழுத்துபூர்வமான கல்வி உதவித் திட்டம் வைத்திருந்தால் ஆண்டுக்கு 5,250 டாலர் வரையான கடன் கட்டுதலுக்கு வரி இல்லை. 2025-இல் இது நிரந்தரமாக்கப்பட்டது. உங்கள் துறையின் சம்பளப் பிரிவு இதைப் பயன்படுத்துகிறதா என்பதுதான் கேள்வி. அதே ஆண்டில் துறை உங்கள் படிப்புக் கட்டணத்தையும் கட்டினால் அதுவும் இந்த 5,250-க்குள்ளேயே அடங்கும்.

பத்தாண்டுத் தள்ளுபடியோடு மோதவிடுவது

கணக்கு பெரிதாகத் தப்புவது இங்கேதான். அரசு வேலையில் முழுநேரமாக இருந்து 120 தகுதியான தவணைகள் கட்டினால் டைரக்ட் கடனின் மீதி தள்ளுபடியாகும். 2007-இல் தொடங்கிய பிஎஸ்எல்எஃப் திட்டம் அது. ஒருவருக்கு 90,000 டாலர் கடன், வருமானத்தை ஒட்டிய தவணை மாதம் 400 என்று வைத்துக்கொள்வோம். தவணை வருமானத்தைப் பொறுத்தது, கடன் மீதியைப் பொறுத்ததல்ல. துறை மூன்று ஆண்டில் 30,000 கட்டினாலும், இவர் மாதம் 400 கட்டிக்கொண்டே போனால் கடைசியில் நடப்பது என்ன? தள்ளுபடியாக வேண்டிய தொகையில் 30,000 குறையும், அவ்வளவுதான். அதற்கு இவர் வரியும் கட்டியிருப்பார். போதாக்குறைக்கு, வரிக்கு உட்பட்ட சலுகை வருமானத்தைக் கூட்டுவதால் அடுத்த ஆண்டுத் தவணையும் ஏறும்.

தள்ளுபடியை நோக்கிப் போகிறவருக்கு லாபம் ஒரே வழியில்தான்: துறையின் பணம் உங்கள் தவணைக்குப் பதிலாக அமர வேண்டும். மாதாமாதம் அனுப்பும் துறையானால் எளிது. மொத்தமாக அனுப்பினால், 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த விதிப்படி அது முன்பணமாக, அடுத்த வருமானச் சரிபார்ப்பு நாள் அல்லது 12 மாதம், இதில் எது முன்னதோ அதுவரையிலான தவணைகளாக எண்ணப்படும். 400 டாலர் தவணைக்கு அதிகபட்சம் 4,800. அதற்கு மேல் அந்த ஆண்டு கேட்டு வாங்குவதில் அவருக்குப் பெரிய பயனில்லை.

பிஎஸ்எல்எஃப் வேண்டாம், சீக்கிரம் கடனை முடிக்க வேண்டும் என்பவர் செய்ய வேண்டியது நேர்மாறு. இந்தப் பணத்தைக் காட்டி அடுத்த தவணைத் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம், உபரியை அதிக வட்டியுள்ள கடனில் வையுங்கள் என்று கடன் சேவை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். உங்கள் தவணையையும் வழக்கம்போலக் கட்டுங்கள்.

மூன்றாண்டுக் கட்டு

தொகை எவ்வளவு சிறிதானாலும் ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டு. ஆயிரம் டாலருக்காக மூன்றாண்டு கட்டுப்படுவது நல்ல பேரமல்ல என்பது எங்கள் கருத்து. இடையில் நீங்களாக விலகினாலோ, நடத்தைக் குற்றத்துக்காகவோ மோசமான வேலைக்காகவோ நீக்கப்பட்டாலோ, அதுவரை பெற்றது முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஆட்சேர்ப்பு ஊக்கத்தொகை என்று இன்னொன்று இருக்கிறது. அதில் வேலை செய்த காலத்துக்கான பங்கு பொதுவாக உங்களுக்கே நிற்கும். இதில் அப்படி இல்லை. இரண்டு ஆண்டு பதினொரு மாதம் இருந்துவிட்டுப் போனாலும் 30,000 என்றால் 30,000. வரிக்குப் போனதும் அதில் சேர்த்தி. இரண்டையும் ஒருசேரப் பெறத் தடையில்லை என்பதால், கேட்கும்போது இரண்டையும் கேளுங்கள்.

சம்பளமில்லா விடுப்பு பொதுவாக மூன்றாண்டில் சேராது. ஆறு மாதம் எடுத்தால் முடிவுத் தேதி ஆறு மாதம் தள்ளிப் போகும். வேறு அரசுத் துறைக்கு மாறினால் கட்ட வேண்டுமா என்பதை ஒப்பந்தமே சொல்லும். அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆண்டு மதிப்பீடு ஏற்கத்தக்க நிலைக்குக் கீழே போனால் சலுகை நின்றுவிடும்.

துறையின் பக்கத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. அரசின் நிதியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது, உச்சவரம்போ காலண்டர் ஆண்டுக்கு. ஒரு நிதியாண்டின் தொகையை ஜனவரியிலும் அடுத்ததன் தொகையை நவம்பரிலும் அனுப்பினால் இரண்டும் ஒரே காலண்டர் ஆண்டில் விழுந்து 10,000-ஐத் தாண்டிவிடும்.

திருப்பிக் கட்டும் நிலை வந்தே விட்டால், பணத்தைத் திரும்ப வாங்குவது நியாயத்துக்கும் மனச்சாட்சிக்கும் ஒவ்வாது என்ற அடிப்படையிலோ பொதுநலன் கருதியோ தள்ளுபடி கேட்டுத் துறைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைக்காமல் வேறொரு வரியாண்டில் 3,000 டாலருக்கு மேல் திருப்பிக் கட்டினால், முன்பு செலுத்திய வருமான வரியை வரிச் சட்டத்தின் 1341-ஆம் பிரிவின் கீழ் மீட்கலாம். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தங்களை அப்படி மீட்க முடியாது. பழைய துறையின் சம்பளப் பிரிவு திருத்தம் போட வேண்டும். விலகல் படிவங்களோடு அந்தக் கோரிக்கையையும் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.