திருவனந்தபுரத்தில் வேலை, குமரியில் வீடு: ஊரைத் தேர்ந்தெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் குடியிருப்பது புதிய வழக்கமன்று. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணையும் வரை இது அந்த நகரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த நிலம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போய்வருவது இங்கே பல தலைமுறைகளின் பழக்கம். கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990-இல் தோன்றிய பிறகு, மென்பொருள் வேலைக்குச் செல்லும் இளம் குடும்பங்களும் மார்த்தாண்டம், குழித்துறை, இரணியல், தக்கலை, நாகர்கோவில் என்று வீடு தேடுகின்றன. அப்படித் தேடுவோரிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை, தினமும் பயணம் செய்யும் ஒருவரின் வசதியை மட்டும் கணக்கிட்டு ஊரை முடிவு செய்வதுதான். விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் அவர் அந்த ஊரைப் பார்ப்பதே அரிது. பகல் முழுவதும் அங்கே இருக்கப்போகிறவர்கள் மனைவியோ கணவனோ, பிள்ளைகளோ, வயதான பெற்றோரோதான். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் தூரக் கணக்கு. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஆனால் வேலை செய்யும் இடம் சென்ட்ரல் ரயில் நிலையம் உள்ள தம்பானூரிலா, உள்ளூர் என்னும் நகரப் பகுதியில் உள்ள மருத்துவக் கல்லூரி வளாகத்திலா, தும்பாவிலா, கழக்கூட்டத்திலா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். தம்பானூர், தலைமைச் செயலகம் பகுதிகளில் வேலை என்றால் ரயிலே சிறந்தது. கழக்கூட்டம் என்றால், அங்கே நிற்கும் வண்டி உங்கள் நேரத்துக்குப் பொருந்தாத பட்சத்தில், சென்ட்ரலில் இறங்கி நகர நெரிசலைக் கடந்து மறுபடியும் பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவருக்கு, எல்லையை ஒட்டிய காரோடு என்னும் ஊர் வரை வந்துள்ள புறவழிச்சாலை நகரத்துக்குள் நுழையாமலே கழக்கூட்டம் சேர்க்கும் என்பதால், குழித்துறை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள வீட்டைவிடக் களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்து வீடு பயன்படலாம். ஆகவே வாசற்படியிலிருந்து அலுவலக இருக்கை வரை ஆகும் நேரத்தை, ஒரு திங்கட்கிழமைக் காலையில் தாமே சென்று பார்ப்பதுதான் சரியான அளவு. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து வீடு பார்த்துவிட்டு, ‘ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டோம்’ என்று மகிழ்வது பொய்க்கணக்கு.

ரயிலை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கால அட்டவணையில் உள்ள எல்லா வண்டிகளையும் தமக்கானவை என்று எண்ணிவிடுகிறார்கள். மாத சீசன் டிக்கெட் பொதுவாக முன்பதிவில்லாத பெட்டிகளுக்கே செல்லும்; அதிவிரைவு வண்டியில் ஏற வேண்டுமானால் அதற்கான கூடுதல் கட்டணத்தையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். இரவெல்லாம் ஓடிவரும் நெடுந்தூர வண்டிகளில் இத்தகைய பெட்டிகள் சிலவே என்பதால் காலையில் கால் வைக்க இடமிருக்காது. பள்ளியாடி, குழித்துறை மேற்கு போன்ற சிறு நிலையங்களில் பயணிகள் வண்டிகள் மட்டுமே நிற்கும். ஆகவே ‘வீட்டுக்குப் பின்னாலேயே ஸ்டேஷன்’ என்று விற்பவர் சொல்வதைக் கேட்டு மகிழ்வதற்கு முன், அங்கே எந்த வண்டி எப்போது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நாகர்கோவிலிலும் சந்திப்பு, டவுன் என இரண்டு நிலையங்கள் உண்டு. திருவனந்தபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடும் சில வண்டிகள் சந்திப்பைத் தொடாமல் டவுன் வழியாகவே சென்றுவிடுகின்றன. கோட்டாற்றில் வீடெடுத்தவருக்கும் வடசேரிப் பக்கம் வீடெடுத்தவருக்கும் இதனால் நாள்தோறும் வேறுபாடு உண்டாகும்.

காலை வண்டியை எல்லோரும் கவனிக்கிறார்கள். மாலை வண்டியைப் பலர் கவனிப்பதில்லை. 1979-இல் ஒற்றைப் பாதையாகத் திறக்கப்பட்ட இந்த வழித்தடத்தை இரட்டைப் பாதையாக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஒற்றைப் பாதைப் பகுதியில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் பயணிகள் வண்டியில் அரை மணி நேரம் கரைவது அரிதன்று. அலுவலகத்தில் சற்றுத் தாமதமானால் அடுத்த வண்டி எது, அது வந்து சேரும் நேரத்தில் நிலையத்திலிருந்து உங்கள் ஊருக்குப் பேருந்து இருக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தக்கலைக்கு உள்ளே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், அழகான வீடொன்றை வாங்கியது. கணவர் பைக்கில் இரணியல் சென்று வண்டியைப் பிடித்துவிடுவார்; அவருக்குக் குறையில்லை. ஆனால் அந்தச் சாலைக்கு வரும் டவுன்பஸ் காலையில் போனால் மதியத்துக்கு மேல்தான் திரும்பும். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் மாமியாருக்கு மருந்து தீர்ந்துவிட்டால், மருமகள் ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம் நடந்து முதன்மைச் சாலைக்கு வர வேண்டும். ஆட்டோவை அழைத்தால் காலியாகத் திரும்ப வேண்டும் என்று இருமடங்கு கேட்கிறார்கள். பிள்ளையின் பள்ளி வேன் வீட்டு வாசலுக்கு வராது. ஆனியிலும் ஆடியிலும் மழை விடாமல் பெய்யும்போது இந்த ஒன்றரை கிலோமீட்டர்தான் அந்த வீட்டின் முழு வாழ்க்கையாகிவிடுகிறது. வீடு பார்க்கச் செல்லும்போது, நாள் முழுவதும் அங்கே இருக்கப்போகிறவரை அழைத்துச் சென்று, ஒரு வேலைநாளின் பகல் பதினொரு மணிக்கு அங்கிருந்து மருந்துக்கடைக்கும் சந்தைக்கும் பேருந்தில் போய்வரச் சொல்லுங்கள். அவர் சொல்லும் முடிவுக்கு உங்கள் முடிவைவிட அதிக எடை கொடுங்கள்.

எல்லையைச் சாலையில் கிடக்கும் ஒரு கோடு என்று எண்ணுவது அடுத்த பிழை. வாடகை ஒத்துப்போகிறது, நகரம் இன்னும் பக்கம் என்று கேரளப் பக்கத்துப் பாறசாலைக்கோ நெய்யாற்றின்கரைக்கோ குடியேறுபவர், பிள்ளையின் படிப்பை ஆற அமர யோசிக்க வேண்டும். அங்கே மலையாளம் கட்டாயப் பாடம். இங்கே தமிழ் கட்டாயப் பாடம். நடுவகுப்பில் மாறும் பிள்ளை இரண்டிலும் தடுமாறும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் கிடைக்கும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, எல்லைக்கு அப்பால் படித்த பிள்ளைக்குக் கிடைக்காது. இதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு அறிந்து வருந்தும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வலிக்கிறது. ரேஷன் அட்டையை மாற்ற வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வாகனத்தைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு உள்ள கட்டணமில்லாப் பயணமும் எல்லைக்கு அப்பால் கேரளப் பேருந்தில் கிடையாது.

வாடகைக்கு இருப்பவர் ஊரை மாற்றிக்கொள்ளலாம். செண்ட் கணக்கில் மனை வாங்கியவருக்கு அது எளிதன்று. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே கிடைக்கின்றன. கோடையில் பார்க்கும்போது வறண்டு சமதளமாகத் தெரியும் மனை, பழைய ஏலாவிலோ (நெல்வயல் பரப்பிலோ) குளத்தின் ஓரத்திலோ மண் கொட்டி நிரப்பியதாக இருக்கலாம். 2021 நவம்பர் மழையில் பாறசாலை, இரணியல் பகுதிகளில் மண் சரிந்து தண்டவாளமே மூடியது. தாழ்வான இடங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் அந்த நிலம் நன்செய் என்று இருக்கிறதா, புல வரைபடத்தில் ஓடையோ சானலோ (பாசனக் கால்வாயோ) அதை ஒட்டிச் செல்கிறதா என்று பாருங்கள். அக்கம்பக்கத்து முதியவரிடம் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பதும் கட்டாயம் பார்க்க வேண்டியது. அங்கீகாரமில்லா மனைகளைச் சட்டப்படி முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைப்பிரிவுகளுக்கே என்பதால், அதன் பிறகு பிரித்ததை ‘பின்னால் சரிசெய்துகொள்ளலாம்’ என்று சொல்வதை நம்ப வேண்டாம். கடற்கரை ஊர்களில் கிணற்று நீரைக் கோடையில் குடித்துப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள்.

வரப்போகும் திட்டங்களை வந்துவிட்டதாக எண்ணி விலை கொடுப்பதும் தவறு. திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது உண்மை. ஆனால் நம் மாவட்டத்தின் நான்குவழிச் சாலை நிரப்புவதற்கு மண் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதையும் நாம் கண்டோம். இன்று இருக்கும் சாலையில், இன்று ஓடும் வண்டியில் போய்வர முடியுமா என்பதை வைத்தே முடிவெடுங்கள்.

இதனாலேயே, எடுத்த எடுப்பில் மனை வாங்காமல், மனத்துக்குப் பிடித்த ஊரில் ஒற்றிக்கோ வாடகைக்கோ ஓர் ஆண்டு இருந்து பார்க்கும்படி கேட்பவர்களிடம் சொல்கிறேன். வைகாசி தொடங்குமுன் குடியேறினால் இரண்டு மழையையும் ஒரு பள்ளி ஆண்டையும் அந்த ஊரில் பார்த்துவிடலாம். ஒற்றிப் பணமும் கடைசியில் கைக்குத் திரும்பிவிடும்.